பர்லியாரில் ஒரு சீன் – திரைக்கதை வகுப்பறைக்கு வந்த கதை

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறுகிற எல்லோருக்கும் பர்லியார் தெரியும். கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்து, காது லேசாக அடைக்கிற நேரத்தில் வரும் ஊர். 1871ல் தொடங்கப்பட்ட தோட்டக்கலைப் பண்ணை இங்கே இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று சமவெளிக்காரர்கள் கடையில் மட்டுமே பார்த்திருக்கும் சமாச்சாரங்கள் எல்லாம் இங்கே மரத்தில் தொங்கும்.

இந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரையாளர் நான்கு பக்கம் எழுதலாம். ஒரு கவிஞர் மூடுபனியைப் பற்றி உருகலாம். ஆனால் திரைக்கதை வகுப்பில் முதல் நாள் பயிற்சி கொடுத்தால் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்:

காட்சி 1 – வெளிப்புறம் – பர்லியார், சாலையோரப் பழக்கடை – பகல்

மழை ஓய்ந்த ஈரமான சாலை. பஸ் ஒன்று வந்து நிற்கிறது. பத்து வயதுச் சிறுமி பழக்கூடையோடு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள். ஒரு ஜன்னல் மட்டும் அவளைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறது.

அவ்வளவுதான். "அவள் மனம் உடைந்து போனாள்" என்று எழுதக்கூடாது. ஏனென்றால் கேமராவுக்கு மனம் தெரியாது, முகம்தான் தெரியும். எல்லாம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும். உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்பது தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். ஏனென்றால் அதை வைத்துத்தான் தயாரிப்பு நிர்வாகி செலவுக் கணக்கு போடுவார். (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க: திரைக்கதை என்பது பாதி இலக்கியம், பாதி பட்ஜெட்!) ஹாலிவுட் முறையில் தட்டச்சு செய்த ஒரு பக்கம் சுமாராகத் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு.

இவ்வளவு எளிமையான பாலபாடம். ஆனால் இதை ஒரு வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று தமிழ் சினிமா ஒத்துக்கொள்ள எத்தனையோ வருடங்கள் ஆயின. அந்த வரலாறு சுவாரஸ்யமானது.

நாடக மேடையில் இருந்து

1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச (உண்மையில் பாட!) ஆரம்பித்தபோது திரைக்கதை என்று தனியாக ஒன்று கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார் போன்றவர்கள் வளர்த்த மேடை நாடக மரபு அப்படியே ஸ்டூடியோவுக்குள் வந்தது. கேமரா முன்வரிசை ரசிகர் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். நடிகர்கள் வருவார்கள், பாடுவார்கள், போவார்கள். புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அடுத்து என்ன என்ற பதற்றமும் தேவைப்படவில்லை.

இதில் முதல் கல்லை எறிந்தவர்களில் ஒருவர், ஆச்சரியமாக, தமிழே தெரியாத ஓர் அமெரிக்கர். எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அங்கே உடன் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்ததால் 1935ல் இந்தியா வந்தார். கொஞ்ச காலம் தங்கிப் போகலாம் என்று வந்தவர் 1950 வரை இங்கே படம் எடுத்தார். ஆக, கல்லூரி வகுப்பறையில் சினிமா படித்த ஒருவர் தமிழ் சினிமாவில் 1930களிலேயே நுழைந்துவிட்டார்.

அவர் இயக்கிய முதல் தமிழ்ப் படம் 'சதி லீலாவதி' (1936). எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்றுதான் பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் நீலகிரிக்காரர்களுக்கு அதில் வேறொரு விசேஷம் உண்டு. கதாநாயகன் கொலை செய்துவிட்டதாகப் பயந்து இலங்கைக்கு ஓடி, அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வான். தமிழ் சினிமாவின் ஆரம்ப காலச் சமூகப் படங்களில் ஒன்றிலேயே தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது.

படத்தின் கதை எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய தொடர். அதே காலத்தில் 'பதிபக்தி' என்ற நாடகமும் படமும் ஏறக்குறைய இதே கதையோடு இருந்ததால் வழக்கு வந்தது. வாசன் நீதிமன்றத்தில் சொன்ன விஷயம் இரண்டு தரப்புக்கும் பெரிய ஷாக். தன் கதைக்கு மூலம் மிஸஸ் ஹென்றி வுட் என்ற ஆங்கில நாவலாசிரியை எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்', எதிர்த்தரப்பின் நாடகத்துக்கும் அதுவே மூலம் என்றார். "கதை யாருடையது?" என்ற கேள்வி தமிழ் சினிமாவோடு கூடவே பிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பிறகு மறுபடி வருவோம்.

அடுத்த வருடம் டங்கன் 'அம்பிகாபதி' (1937) எடுத்தார். வசனம் இளங்கோவன். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' காதல் காட்சிகளின் சாயல் அதில் உண்டு. இளங்கோவனின் தமிழ் ரசிகர்களை மயக்கியது. அதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் இருந்தது. எழுத்தாளருக்கு மரியாதை வந்தது நன்மை. எழுத்து என்றாலே வசனம்தான் என்று ஆனது சிக்கல். அண்ணாதுரை, கருணாநிதி காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் என்ன காட்சி, ஏன் அந்த வரிசை என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். வசனம் காதில் நிற்கும். திரைக்கதை எலும்புக்கூடு மாதிரி, இருக்கும், ஆனால் தெரியாது.

கதை இலாகா

எழுத்தாளர்களைக் கூட்டாக உட்கார வைத்து வேலை வாங்கியது ஜெமினி ஸ்டூடியோ. வாசன் 'கதை இலாகா' என்றே ஒரு பிரிவு வைத்திருந்தார். கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்ரமணியம், நைனா, வேப்பத்தூர் கிட்டு ஆகியோர் அதில் இருந்தவர்கள். 'சந்திரலேகா' (1948) படத்துக்குத் தலைப்பும் விளம்பரமும் முதலில் வந்தன, கதை பிறகுதான் வந்தது! இலாகாவினர் தேடித் தேடி, ஜி.டபிள்யூ.எம்.ரெய்னால்ட்ஸ் எழுதிய 'ராபர்ட் மக்கேர்' நாவலில் ஒரு துணிச்சலான பெண்ணைக் கண்டுபிடித்து, அதில் இருந்து கதையை வளர்த்தார்கள்.

சிபிஎஸ்இ-யில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் ஜெமினி ஸ்டூடியோவைப் பற்றி வந்த கட்டுரை நினைவிருக்கலாம். அதை எழுதிய அசோகமித்திரன் அங்கே வேலை பார்த்தவர். ஸ்டூடியோ எப்படி ஓர் அலுவலகம் மாதிரி இயங்கியது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பார்.

ஒரு விதத்தில் கதை இலாகாதான் நம் முதல் திரைக்கதை வகுப்பு. ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு காட்சியை உடைத்துப் பேசுவது, இது வேண்டாம் அது வேண்டும் என்று சண்டை போடுவது, திரும்ப எழுதுவது. இன்று வெப் சீரிஸ் எழுதும் அறைகளில் நடப்பதும் இதுதான். ஆனால் சம்பளத்துக்கு உள்ளே இருப்பவர் மட்டுமே கற்க முடியும். வெளியே இருப்பவருக்குக் கதவு இல்லை.

இன்ஸ்டிட்யூட் வந்தது

சென்னையில் 1945லேயே சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் திரைப்படத் தொழில்நுட்பக் கல்வி ஆரம்பித்துவிட்டது. பின்னாளில் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்று எல்லோரும் சொன்ன, இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கும் அரசு நிறுவனத்தின் வேர் அதுதான். ஆனால் ஆரம்பத்தில் முக்கியமாகச் சொல்லித் தந்தது ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும். அதாவது, கருவியை இயக்கப் பயிற்சி வேண்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கதை சொல்லவும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது.

1960ல் புனேயில், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில், மத்திய அரசு திரைப்படக் கல்லூரி தொடங்கியது. அங்கே இயக்கத்தோடு சேர்த்துத் திரைக்கதையும் பாடமானது. 1962ல் அரசு வேலையை விட்டுவிட்டு அந்தப் படிப்பில் சேர்ந்த மலையாள இளைஞர்தான் அடூர் கோபாலகிருஷ்ணன். நாடக ஆர்வத்தில், எழுத்தைக் கற்றுக்கொள்ளப் போனவர் சினிமாக்காரராகத் திரும்பினார்.

அதே புனேயில் படித்த ஜான் ஆப்ரகாம் தமிழில் எடுத்த படம் 'அக்கிரஹாரத்தில் கழுதை' (1977). அதை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒரு இலக்கிய விமர்சகர் படத்துக்கு எழுதுவதும், அது தேசிய விருது வாங்குவதும் அன்றைக்குப் பெரிய விஷயம். அடையாறில் படித்த ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' (1978) எடுத்தார். பிறகு 1986ல் ஆபாவாணனும் அரவிந்தராஜும் சேர்ந்து கொடுத்த 'ஊமை விழிகள்', இன்ஸ்டிட்யூட் மாணவர்களை நம்பிப் பணம் போடலாம் என்று கோடம்பாக்கத்தை நம்ப வைத்தது. படிப்புக்கும் வசூலுக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபித்த படம் அது.

குருகுலம்

இருந்தாலும் தமிழ் சினிமாவின் பெரும்பாலான எழுத்தாளர்கள் கல்லூரியில் உருவானவர்கள் அல்ல. ஸ்ரீதர், கே.பாலசந்தர் என்று தானாகக் கற்றவர்கள் ஒரு பக்கம். பாரதிராஜாவிடம் இருந்து பாக்யராஜ் என்பது மாதிரி உதவி இயக்குநர் பரம்பரை இன்னொரு பக்கம். 'முந்தானை முடிச்சு' (1983) படத்தைத் திரைக்கதைக்கு உதாரணமாக இன்றும் சொல்கிறார்கள்.

மகேந்திரன் வந்த வழி இன்னும் சுவாரஸ்யம். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் அவர் படித்தபோது எம்.ஜி.ஆர். விழாவுக்கு வந்தார். அவர் முன்னாலேயே தமிழ்ப் படங்களில் நிஜம் இல்லை என்று மாணவர் மகேந்திரன் மேடையில் விமர்சித்துப் பேசினார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பிற்பாடு சென்னையில் அவரைச் சந்தித்தபோது 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். அந்தப் படம் அன்று வரவில்லை (2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது). ஆனால் அத்தனை பெரிய நாவலைக் காட்சிகளாக உடைத்துப் பார்த்த அனுபவத்தை எந்தக் கல்லூரியும் கொடுத்திருக்காது. 'உதிரிப்பூக்கள்' (1979) எடுத்தவர் அந்தப் பள்ளியில் படித்தவர். கடைசிக் காலத்தில் சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியில் அவரே ஆசிரியராகவும் இருந்தார். 2019ல் மறைந்தார்.

கல்லூரிக்கும் குருகுலத்துக்கும் பாலம் போட்டவர் பாலு மகேந்திரா. புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். தன் உதவியாளர்களைக் கதைகள் படிக்க வைத்து, சுருக்கம் எழுத வைப்பார். சன் டிவியில் அவர் செய்த 'கதை நேரம்' தொடர், தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக மாற்றியது. ஒரே கதையை முதலில் புத்தகத்தில் படித்துவிட்டுப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், திரைக்கதை என்றால் என்ன என்று புரிந்துவிடும். 2007ல் 'சினிமா பட்டறை' என்று தனியாகவே ஒரு பள்ளியையும் தொடங்கினார். பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி எல்லாம் அவரிடம் இருந்து வந்தவர்கள்தான்.

புத்தகமும் பட்டறையும்

1979ல் அமெரிக்காவில் சிட் ஃபீல்ட் 'ஸ்கிரீன்ப்ளே' என்ற புத்தகத்தை எழுதினார். நல்ல படங்களுக்கு மூன்று பகுதிகள் உண்டு: அறிமுகம், மோதல், முடிவு. சுமார் 120 பக்கத் திரைக்கதையில் 30, 60, 30 என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு பகுதிகளின் முடிவிலும் கதையை வேறு பக்கம் திருப்பும் ஒரு சம்பவம் வேண்டும். இதுதான் சாரம். பர்லியார் ரோட்டில் பஸ் ஓட்டுகிற டிரைவரிடம் சொன்னால் சிரிப்பார், வளைவு இல்லாமல் மலை ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன! :-)

தமிழில் இதை சாதாரண வாசகர்களுக்குக் கொண்டு வந்ததில் பெரிய பங்கு சுஜாதாவுக்கு. அவருடைய 'திரைக்கதை எழுதுவது எப்படி?' ஓர் எஞ்சினியர் எழுதிய கையேடு மாதிரியே தெளிவாக இருக்கும். சென்னைக்கு வர முடியாத, யாரையும் தெரியாத, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுக்க முடிகிற ஒருவருக்கு முதல் தடவையாக ஒரு கதவு திறந்தது.

2004ல் புனேயில் திரைக்கதைக்கென்றே தனித் துறையை அஞ்சும் ராஜபலி உருவாக்கினார். 2009ல் சென்னை ஐஐடி-யில் கமல்ஹாசன் ஒரு திரைக்கதைப் பட்டறை நடத்தினார். லூயி புனுவலுக்கும் பீட்டர் புரூக்கின் 'மகாபாரத'த்துக்கும் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஜான் கிளோட் காரியேர் அதற்கு வந்திருந்தார். 1992லேயே 'தேவர் மகன்' திரைக்கதையைக் கம்ப்யூட்டர் மென்பொருளில் எழுதியவர் கமல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே காலகட்டத்தில் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி, குறும்படம் எடுத்துக்கொண்டு நேராக வரச் சொன்னது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி எல்லாம் அந்த வழியில் வந்தார்கள்.

கேத்தி ஸ்டேஷனில் ஒரு பாடம்

சரி, வகுப்பில் கற்கிற விஷயம் நிஜப் படத்தில் எப்படி இருக்கும்? நீலகிரியிலேயே உதாரணம் இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). நினைவு இழந்து குழந்தை மாதிரி ஆகிவிட்ட பெண்ணைக் காப்பாற்றி ஊட்டிக்குக் கூட்டி வந்து பார்த்துக்கொள்கிறான் ஓர் ஆசிரியன். அவளுக்கு நினைவு திரும்புகிறது. அந்த இடைக்காலம் மறந்துவிடுகிறது. கிளம்பும் ரயிலின் ஜன்னல் வழியாக அவள் அவனைப் பார்க்கிறாள். யாரோ பைத்தியக்காரன் என்று நினைக்கிறாள். படமாக்கிய இடம் கேத்தி ரயில் நிலையம்.

இந்தக் காட்சியை வகுப்பில் பிரித்துப் பார்த்தால் மூன்று பாடங்கள் கிடைக்கும். ஒன்று, நீளமான வசனமே கிடையாது. இரண்டு, அவன் அங்கே செய்து காட்டும் குரங்காட்டம் புதிதல்ல, முன்பு அவளைச் சிரிக்க வைக்கச் செய்ததுதான். முன்பு விதைத்தது இங்கே வேறு அர்த்தத்தில் முளைக்கிறது. மூன்று, ரசிகனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அந்தப் பாத்திரத்துக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளிதான் நம்மை அழ வைக்கிறது. கமலின் நடிப்புக்கும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் இரண்டுமே வேலை செய்வது எழுத்து போட்டுக் கொடுத்த தண்டவாளத்தின் மேல்தான்.

கதை யாருடையது?

இப்போது அந்தப் பழைய கேள்வி. 2018ல் 'சர்கார்' படம் வெளிவரும் முன்பே, தன் கதை அது என்று ஓர் உதவி இயக்குநர் எழுத்தாளர் சங்கத்துக்குப் போனார். 2007லேயே பதிவு செய்து வைத்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டுக்கும் கரு ஒன்றே என்றார். உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. அவருக்குத் திரையில் அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. 1978ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2012ல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், படத்தில் பயன்படும் எழுத்துக்கும் இசைக்கும் தியேட்டருக்கு வெளியே கிடைக்கும் வருமானத்தில் படைத்தவருக்குப் பங்கு உண்டு என்றது. அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆகவே டீக்கடையில் வாயால் சொன்ன கதை காற்றோடு போகும், முறையாக எழுதிப் பதிந்த கதைதான் நிற்கும். பெரிய மனிதர்களைத் தெரிந்தவருக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லை. யாரையும் தெரியாதவருக்கு அந்தத் தாள்தான் ஒரே சொத்து. பாலபாடத்தைக் கற்பதில் இருக்கும் நிஜமான லாபம் இதுதான்.

மலை எழுதும் நாள்

எத்தனையோ படக்குழுக்கள் பர்லியார் வழியாக மேலே ஏறியிருக்கின்றன. பாட்டு எடுத்தார்கள், பனி எடுத்தார்கள், ரயில் எடுத்தார்கள். பெரும்பாலும் மலை பின்னணியாகத்தான் இருந்தது. ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித் தேன்' நாவலில் படுகர் வாழ்க்கையை எழுதினார். 1964ம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த தமிழர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் இங்கே உருவாயின. 'சதி லீலாவதி' நாயகன் போனது அந்தப் பக்கம், இவர்கள் வந்தது இந்தப் பக்கம். அந்த வருகைக்குள் எத்தனை திரைக்கதைகள் இருக்கும்!

மாற்றம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் முதுமலை தெப்பக்காட்டில் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2023ல் ஆஸ்கர் வாங்கியது. ஆவணப்படம்தான், ஆனால் அதற்கும் எழுத்தாளர் என்று ஒருவர் பெயர் உண்டு: பிரிசில்லா கொன்சால்வஸ். இன்னொரு பக்கம் வெற்றிமாறன் 2021ல் சென்னையில் தொடங்கிய திரைப்படப் பண்பாட்டு ஆய்வகம், வசதியில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகளைத் தேடி எடுத்துக் கட்டணமில்லாமல் சொல்லித் தருகிறது. ஜெமினியின் கதை இலாகாவில் வெளியாருக்கு இல்லாத கதவு இது.

வகுப்பு யாருக்கும் கதையைக் கொடுக்காது. கதை தோட்ட லயங்களிலும் ஹட்டிகளிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை அடுத்தவர் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் தாளில் இறக்கி வைக்கும் முறையைத்தான் வகுப்பு கொடுக்கும். 1936ல் அந்த முறை ஓர் அமெரிக்கப் பட்டதாரியிடம் இருந்தது. இன்று ஒரு நூலகப் புத்தகமும் ஒரு குயர் நோட்டும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.